பெல்ட்டைக் குறை சொல்லுமுன் புல்லியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கோபி, சத்தி பக்கம் பழைய பவர் டில்லர்களெல்லாம் (கையால் பிடித்து ஓட்டும் உழவு வண்டிகள்) சாளையை (தோட்டத்துக் கொட்டகையை) விட்டு வெளியே வந்துவிடும். சேற்றுழவில் இறங்கிய சூட்டோடு, "புதுப் பெல்ட்டே கருகிப் போச்சுங்க, கம்பெனி சரியில்லீங்க" என்ற பேச்சும் வந்துவிடும். எஞ்சின் இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் வி-பெல்ட்டைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் பெல்ட் மேல் இல்லை, கழற்றி மாட்டிய விதத்தில் இருக்கிறது.

முதலில் அளவு. பெல்ட்டின் முதுகில் 'பி 60' என்று இருந்தால், 'பி' பருமனைக் குறிக்கும்: மேல் அகலம் 17 மி.மீ., உயரம் 11 மி.மீ. 60 என்பது உள்சுற்றளவு, அங்குலக் கணக்கில். எழுத்து அழிந்துபோன பெல்ட்டின் வெளிச்சுற்றை டேப்பில் அளந்துகொண்டு கடைக்குப் போனால், தேவையைவிட இரண்டே முக்கால் அங்குலம் கூடுதல் நீளமான பெல்ட்தான் கைக்கு வரும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குவதே நல்லது.

மூன்று, நான்கு பெல்ட் ஓடும் வண்டியில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். பழையவை நீண்டு போயிருக்கும். புதியது ஒன்றே பாரத்தையெல்லாம் இழுத்து அடுத்து அதுவும் போகும். ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் எண் பார்த்து மொத்தமாக மாற்ற வேண்டும்.

மாட்டுமுன் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) காடியை, அதாவது பெல்ட் உட்காரும் பள்ளத்தை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். வி-பெல்ட் இழுப்பது பக்கச் சுவர்களின் பிடியால்தான், அடிப்பகுதியால் அல்ல. காடியின் அடி பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது என்று பொருள். புதுப் பெல்ட்டை வைத்துப் பார்த்தால் அதன் முதுகு விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலேயோ நிற்க வேண்டும். நன்றாக உள்ளே இறங்கினாலோ, சுவர் கரண்டிக் குழி போலத் தேய்ந்திருந்தாலோ புல்லியைத்தான் மாற்ற வேண்டும். எத்தனை பெல்ட் வாங்கிப் போட்டாலும் நிற்காது.

புல்லியைக் கழற்ற புல்லர் (கவ்வி இழுக்கும் கருவி) போடுங்கள். சுத்தியால் தட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கழற்றுமுன் எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். திருப்பி மாட்டிவிட்டால் காடி விலகி நிற்கும், பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் நார் நாராகப் பிய்யும். பழைய வண்டிகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். நேர் பார்க்கக் கொத்தனார் நூல் போதும். இரு புல்லிகளின் முகத்திலும் நூலை இழுத்துப் பிடித்தால் நான்கு இடமும் ஒட்ட வேண்டும். விளிம்புத் தடிமன் வேறுபட்டால் விளிம்பை விட்டு முதல் காடியைக் கணக்கில் எடுங்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் புல்லியைத் தளர்த்தி, அது இல்லாத வண்டியில் எஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி எஞ்சினை நகர்த்தி, கையாலேயே பெல்ட்டை ஏற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்ளே இருக்கும் நூலிழை அறும். வெளியே தெரியாது, பத்து மணி நேரம் ஓடியதும் பெல்ட் புரண்டு விழும். எஞ்சினுக்குள் காற்று அமுங்காமல் விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு ஃப்ளைவீலை மெல்லச் சுற்றி ஏற்றுங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே விரல் போகக் கூடாது.

இறுக்கத்துக்குப் பொதுக் கணக்கு: இரு புல்லிகளுக்கும் இடையே பெல்ட் ஓடும் தூரத்தில் 10 செ.மீ.க்கு 1.6 மி.மீ. அமுங்க வேண்டும். 40 செ.மீ. என்றால் நடுவில் ஆறு மி.மீ. சற்று மேல். கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. "நல்லா முறுக்குங்க" என்று கேட்பவர்கள் கிராங்க் பேரிங்கையும் கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவதும் வேண்டாம். அது தூசியைப் பிடித்துச் சுவரைத்தான் தேய்க்கும். ஆயில் கசிந்து வழுக்குகிறதென்றால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்.

புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே காடியில் படிந்து தளரும். அதனால் முதல் நாள் உழவு முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து இறுக்க வேண்டும். பெல்ட் மூடியை "அப்புறம் மாட்டிக்கலாம்" என்று வரப்பில் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். தோளில் கிடக்கும் துண்டின் ஒரு நுனி சிக்கினால் போதும், ஆளையே இழுத்துவிடும்.

இப்படிக்கு,
பவர் டில்லர் பட்டறைக்காரர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.