பீரோவைத் திறந்து வை, தங்கச்சி

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து,
ஜனவரி 18

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? நீ ஐப்பசியில் போட்ட கடிதத்துக்குத் தையில் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. முண்டு மிளகாய்ப் பொட்டலம் பிரியாமல் வந்து சேர்ந்தது. இங்கே கிடைக்கிற ஹாடக் மீன் வெள்ளையாக, முள் குறைவாக இருக்கும். புளியும் உன் மிளகாயும் போட்டால் குழம்பு ஆகிவிடுகிறது, ஆனால் நம் காரல் சொதியின் ருசி அதற்கு வராது. நாலேகாலுக்கே இருட்டு. கடல்காற்று நம் வாடை மாதிரி இல்லை, காதை அறுக்கும். ஹீட்டர் போட்டால் தொண்டை வறண்டுபோகிறது, அதனால் ராத்திரியில் ஒரு மணி நேரம்தான் போடுகிறேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் மீன்பிடிக் கப்பலில் போனவர். ஐஸ் பிடித்தால் என் வாசற்படியில் உப்புத் தூவிவிட்டுப் போவார். பேச்சு மட்டும் கிடையாது.

பள்ளிக்கூட நூலக பீரோ சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். முதலில் அந்த பீரோவைத் திறந்து வை. புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில்தான் பல இடங்களில் பூட்டியே கிடக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 215-வது விதியைத் தலைமையாசிரியரிடம் காட்டு. ஆயிரம் புத்தகம் புழங்கினால் வருஷத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று அதிலேயே இருக்கிறது, மோசடியோ அலட்சியமோ இல்லாத வரைக்கும். உங்கள் பள்ளியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பேசுவதற்கு ஒரு பிடி.

தனி அறைக்குக் காத்திருக்காதே. புத்தகங்களைத் தொங்கவிடச் சுவரில் இரண்டு ஆணி, ஒரு கயிறு, இருபது துணிக் கிளிப் போதும். தங்கூசி நரம்பைக் கட்டாதே, அந்த நைலான் இழை புத்தகத்தை அறுத்துவிடும். வலைக்கயிறு எடு. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கட்டு. அட்டை முன்னால் தெரிய வேண்டும். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தைச் சீந்த மாட்டார்கள். திங்கட்கிழமைதோறும் மாற்று.

உப்புக் காற்றில் மெல்லிய புத்தகங்கள் முதலில் கெடுவது ஸ்டேப்ளர் ஊசியால்தான். துரு தாளில் இறங்கி நடுப்பக்கம் கழன்றுவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் ஊசிகளை எடுத்துவிட்டு நூலால் தை. மடிப்பில் மூன்று துளை. மெழுகு தடவிய பருத்தி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே எடு, மேல்துளையில் உள்ளே விடு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடு, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவா. நீளமாக ஓடுகிற நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனியாக வைத்து முடிச்சுப் போடு. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் வேண்டாம், மஞ்சளாகிப் பசை கசியும். மைதாப் பசையும் வேண்டாம், ராமபாணப் பூச்சி அதைத் தேடி வரும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்திருக்குமே, அவற்றை இன்னாருக்கு இன்னது என்று பிரித்துக் கொடுக்காதே. ஏழாவது படிக்கிறவன் ‘நுழை’யைக் கையில் எடுக்க வெட்கப்படுவான். சின்னப் புத்தகங்களை ஒரு கூடையில் போட்டு, ‘தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்ட’ என்று எழுதி வை. தட்டுத்தடுமாறி வாசிக்கிற பெரிய பிள்ளைகள் அந்தக் கூடைக்குத்தான் வருவார்கள். உனக்குத் தம்பி இருக்கிறானா என்று கேட்காதே.

எதை எடுத்தாலும் சரி. ஒரு பக்கம் வாசிக்கச் சொல், தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் கடினம் என்று அவர்களுக்கே புரியும். அப்போதும் அதுதான் வேண்டும் என்றால் கொடு, படமாவது பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பித் தரலாம். அதே புத்தகத்தை நாலாம் தடவை கேட்டாலும் கொடு. கதைச்சுருக்கம் எழுதி வா, நீதி என்ன சொல் என்று மட்டும் கேட்காதே. கேட்ட அன்றோடு பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். அபராதமும் கூடாது. ஐந்து ரூபாய் இல்லாத பிள்ளை புத்தகத்தையும் தராது, உன் முகத்திலும் விழிக்காது. நோட்டில் தேதி, பெயர், புத்தக எண், திரும்பிய தேதி போதும். எழுதுவதைப் பிள்ளைகளிடமே வாரம் மாற்றி விடு. மதியச் சோற்றுக்குப் பிறகு பத்து நிமிஷம் நீயே வாசித்துக் காட்டு. கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேஜையில் விட்டுவிட்டுப் போ.

இந்த நாட்டில் சிறைச்சாலைக்கு நூலகம் கட்டாயம், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. அதனால் இங்கே பள்ளி நூலகத்தில் என் வேலையும் வருஷா வருஷம் நீட்டிக்கிறதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் இன்னும் தயங்கினால் கலாம் சாரைச் சொல். ராமேஸ்வரத்தில் மாணிக்கம் என்பவர் தன் வீட்டுப் புத்தகங்களைச் சிறுவயதில் தம்மை எடுத்துப் படிக்க விட்டதைக் கலாமே எழுதியிருக்கிறார்.

பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போகிற வீடியோவைப் பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு பார்ப்பேன். பழைய பாலத்தில் ஊர்ந்து வருகிற அந்தச் சத்தம் இதில் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் நம் வாசலில் போனை வைத்து ஐந்து நிமிஷம் சும்மா பதிவு செய்து அனுப்பு. யாரும் பேச வேண்டாம். இல்லை, அம்மாவை ஏதாவது பேசச் சொல்.

அம்மாவின் கண்புரையை இனியும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாகும், பேங்கில் ஏதோ மாற்றுகிறார்கள், வேறொன்றும் இல்லை. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் வந்தால் 61 நாள் விசைப்படகு கரையில்தான். அதற்குள் வலைக்கடனில் பாதியை அண்ணன் அடைக்கட்டும், மதினி நகையை மறுபடி வைக்க வேண்டாம். சித்தப்பா கேட்கிற கிழக்குப் பக்க நிலத்தை அளந்து கல் நட்ட பிறகுதான் கையெழுத்து. பட்டா அம்மாவின் பெட்டியில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து எனக்கு ஒன்று அனுப்பு, மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்காதே.

இப்படிக்கு,
அக்கா