தன்வரலாறுகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு புத்தகப் பக்கத்தில் நாவல் அறிமுகத்துக்குக் குறைவில்லை. தன்வரலாறுதான் எப்போதாவது தலைகாட்டுகிறது.

வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மதியம் கரண்ட் போனால் எனக்குப் புத்தகம்தான். ஒரு நாவல், அப்புறம் ஒரு தன்வரலாறு என்று மாற்றி மாற்றிப் படிப்பேன். 1992இல் வந்த பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’வில் ஒரு காட்சி. ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் கை பட்டால் மேல்சாதிக்காரருக்குத் தீட்டு என்று அண்ணன் சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிகிறது. இதையே நாவலில் படித்திருந்தால், ‘கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்’ என்று நம்மில் பலர் பக்கத்தைத் தள்ளியிருப்போம்.

நாவலை மட்டம் தட்டவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில், இரண்டாம் உலகப் போர்க்கால இந்தோனேசியாவில், மேடான் நகரில் இருந்துகொண்டு நாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைக்கிற பக்கங்களுக்கு ஈடு இல்லை. சிங்காரமே மேடானில் வேலை பார்த்தவர், பிறகு மதுரையில் பத்திரிகையில் இருந்தவர். அவர் தன்வரலாறு எழுதாமல் போனது நமக்கு நஷ்டம்தான்.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ பருமனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 1940இல் அது ஆனந்த விகடனில் தொடராகத்தான் ஆரம்பித்தது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது நாவலோடு ஒரு தன்வரலாற்றையும் அறிமுகப்படுத்துங்கள். விலையும் போடுங்கள். வாங்குவதா, நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் தேடுவதா என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
வில்லாபுரம், மதுரை.