பிட்டைப் பார்த்தவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரிப் வான் கெல்ட்,

‘ஸ்கூல் டைஸ்’ படம் பார்த்தவர்கள் கடிதம் எழுதினால் டேவிட் கிரீனுக்குத்தான் எழுதுவார்கள். கதாநாயகன் அவன், அடி வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் அவன். கோபக்காரர்கள் சார்லி டில்லனுக்கு எழுதி, நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம். எனக்கு உன்னிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. நீ கற்பனைப் பாத்திரம், பதில் வராது என்பதெல்லாம் தெரியும். வயதில் சின்னவன் என்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். 1950களின் அமெரிக்கா. பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் என்ற தொழிலாளர் நகரத்திலிருந்து டேவிட் என்ற யூதப் பையன், மாசசூசெட்ஸில் உள்ள செயின்ட் மேத்யூஸ் என்ற பெரிய இடத்துப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு வருகிறான். கடைசி ஒரு வருடத்துக்கு மட்டும். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) தேவைப்பட்டது, அதனால் உதவித்தொகை கிடைத்தது. தன்னைப் பற்றித் தேவைக்கு மேல் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பயிற்சியாளரே காதில் போட்டுவிடுகிறார். விடுதி அறையில் பையன்கள் யூதர்களைப் பற்றி அடிக்கும் கிண்டலைக் கேட்டதும், கழுத்தில் கிடந்த யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தை அவன் கழற்றி ஒளித்து வைக்கிறான்.

அப்புறம் வெற்றி, கைதட்டல், ஒரு பெண்ணின் சிநேகம். அதே வகுப்பில் படிக்கும் டில்லன் அணியில் தனக்கென்று நினைத்திருந்த இடமும் அந்தப் பெண்ணும் டேவிட் பக்கம் போகிறார்கள். அவன் யூதன் என்ற தகவல் டில்லன் காதுக்கு எட்டியதும் குளியலறையில் எல்லோர் முன்னாலும் அதைப் போட்டு உடைக்கிறான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அருகிலிருந்து பார்த்ததுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரலாற்றுத் தேர்வு. முடிந்து எல்லோரும் வெளியேறும்போது தரையில் ஒரு பிட் கிடக்கிறது. யார் வைத்திருந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் வகுப்பு முழுவதும் ஃபெயில் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். உங்கள் பள்ளியில் மானம், நேர்மை என்று ஒரு விதிமுறை இருக்கிறது. தப்பு செய்தவன் தானாக ஒப்புக்கொள்ள வேண்டும், பார்த்தவன் சொல்ல வேண்டும். டில்லன் பிட் வைத்திருந்ததை டேவிட் பார்த்திருக்கிறான். நீயாக ஒப்புக்கொள், இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று அவனிடம் நேரில் சொல்கிறான். டில்லன் பணம் கொடுத்துப் பார்க்கிறான், நடக்கவில்லை. உடனே பிட் வைத்திருந்தது டேவிட்தான் என்று பழியைத் திருப்பிவிடுகிறான்.

மாணவர் தலைவனாகிய நீ நடுவில் நிற்கிறாய். வகுப்பு கூடுகிறது, வாதம் நடக்கிறது, வாக்கெடுப்பு நடக்கிறது. டேவிட்தான் குற்றவாளி என்று பெரும்பான்மை முடிவு செய்கிறது. தலைமை ஆசிரியரிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள் என்று அவனிடம் சொல்வது நீ. அவன் அங்கே போன பிறகுதான் தெரிகிறது, டில்லன் ஏமாற்றியதை நீயும் பார்த்திருக்கிறாய், அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லியும் விட்டாய்.

இந்த இடத்தில் பார்வையாளர்கள் உன்னை மெச்சிக்கொள்கிறார்கள். நல்ல பையன், கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டான் என்கிறார்கள். எனக்கு மெச்ச வரவில்லை, தம்பி. அந்த வாக்கெடுப்பு நடந்தபோது உனக்கு விடை தெரியும். விடை தெரிந்தவன் கூட்டத்தை நடத்திக்கொண்டு, மற்றவர்கள் ஒருவனுடைய குணத்தை எடைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். யூதன் என்றால் பொய் சொல்வான், முன்பே மறைத்தவன்தானே, இப்போதும் மறைப்பான் என்ற பேச்சு நேர்மை விதி என்ற பெயரில் அங்கே நடந்தது. நீ ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும்.

ஏன் சொல்லவில்லை? டில்லன் உன் பழைய நண்பன் என்பது ஒரு காரணம். உன் வகுப்பு தானாகவே சரியான முடிவுக்கு வந்துவிடும் என்று நம்பினாய் என்றும் தோன்றுகிறது. உங்கள் பள்ளியின் மரபு அப்படிப்பட்டது, அது தவறாது என்ற நம்பிக்கை. டில்லனின் பொறாமையை விட எனக்கு இதுதான் அதிகப் பயம் தருகிறது. பொறாமையை அடையாளம் காண்பது சுலபம், மரபின் மேல் உள்ள நம்பிக்கை பார்ப்பதற்குப் பண்பு மாதிரியே இருக்கும்.

உன் பள்ளி கற்பனை. ஆனால் அது எந்த வாசலுக்குப் பையன்களைத் தயார் செய்ததோ அந்த வாசல் நிஜம். 1900இல் ஹார்வர்டு மாணவர்களில் யூதர்கள் சுமார் 7 சதவீதம். 1922இல் முதலாண்டு மாணவர்களில் 21.5 சதவீதம். தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி வந்தவர்கள். பல்கலைக்கழகத் தலைவர் அபட் லாரன்ஸ் லோவெல் கவலைப்பட்டார். 15 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்றார். அவர் தெருவில் கல்லெறியும் ஆள் இல்லை. பாஸ்டனின் பழைய குடும்பம், படித்தவர், மரியாதைக்குரியவர். யூதர்களின் எண்ணிக்கை கூடினால் அவர்கள் மேலான வெறுப்பும் கூடும், ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பது அவர்களுக்கே நல்லது என்பது அவர் வாதம். அதே லோவெல்தான் கறுப்பின மாணவர்களை முதலாண்டு விடுதியில் சேர்க்கவும் மறுத்தவர்.

எதிர்ப்பு எழுந்தது, வெளிப்படையாக வரம்பு வைக்கும் திட்டம் 1923இல் கைவிடப்பட்டது. பிறகு அதே வேலை விண்ணப்பப் படிவம் வழியாக நடந்தது. 1922 முதலே அந்தப் படிவத்தில் மதம் என்ன, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன, அப்பா பிறந்த ஊர் எது என்ற கேள்விகள் இருந்தன. பிறந்ததிலிருந்து உங்கள் பெயரிலோ உங்கள் தந்தையின் பெயரிலோ மாற்றம் செய்திருக்கிறீர்களா, விளக்கமாக எழுதுங்கள் என்றும் கேட்டார்கள். பின்னால் புகைப்படம் சேர்ந்தது. மதிப்பெண்ணோடு குணமும் பார்க்கப்படும் என்றார்கள். குணத்துக்குச் சான்று கொடுப்பவர் யார்? பள்ளித் தலைமை ஆசிரியர். உன் மாதிரிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர் கடிதத்துக்கு அங்கே நல்ல மதிப்பு.

ஹார்வர்டு மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதே. ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1935இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே யூதர்களுக்கு வைத்திருந்த வரம்பு காரணமாக இடம் கிடைக்கவில்லை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு (எம்.ஐ.டி.) போனார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஃபெய்ன்மன்தான்! உன் காலத்துக்கு வரும்போது பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. யேல் பல்கலைக்கழகம் முழுதாகத் திறந்துகொள்ள 1960கள் வரை ஆனது.

டேவிட்டின் குணத்தை எடைபோட உங்கள் வகுப்பு கூடியபோது கையில் எடுத்தது இதே தராசைத்தான்.

இன்னொன்று. டேவிட் யூதன் என்று தெரிந்த பிறகு அவன் படுக்கைக்கு மேலே ஒரு துணி தொங்குகிறது, நாஜி ஸ்வஸ்திகாவும் யூதனே வீட்டுக்குப் போ என்ற வாசகமும் எழுதி. யூதர்களை லட்சக்கணக்கில் கொன்ற முகாம்கள் விடுவிக்கப்பட்டு அப்போது பத்து வருடம் ஆகியிருக்கலாம். செய்தவன் நேரில் வரட்டும் என்று டேவிட் சவால் விட்டு இரவில் காத்திருக்கிறான். ஒருவரும் வரவில்லை. அந்தத் துணிக்காக ஆசிரியர் யாரும் வகுப்பைக் கூட்டவில்லை. செய்தவனைக் கண்டுபிடிக்காவிட்டால் எல்லோரும் ஃபெயில் என்று மிரட்டவில்லை. ஒரு துண்டுக் காகிதம் பள்ளியின் மானப் பிரச்சினை ஆகிறது, ஸ்வஸ்திகா ஆகவில்லை. இயக்குநர் ராபர்ட் மாண்டல் இதைச் சுட்டிக்காட்ட நினைத்தாரா, தானாக விழுந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. படத்தின் கடுமையான விமர்சனம் அதற்குள்தான் இருக்கிறது.

தேவாலயக் காட்சியும் அப்படி. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அன்று ஆட்டம் வருகிறது. டேவிட் விளையாடுகிறான், இரவில் தனியாகப் பள்ளித் தேவாலயத்துக்குப் போய்ப் பிரார்த்திக்கிறான். தலைமை ஆசிரியர் பார்த்துவிடுகிறார். ஓர் ஆட்டத்துக்காக மரபை மீறியது சரியா என்று கேட்கிறார். யாருடைய மரபு, உங்களுடையதா என்னுடையதா என்று திருப்பிக் கேட்கிறான். டேவிட்டாக நடித்த பிரெண்டன் ஃப்ரேசர் அந்த இடத்தில் குரலைக்கூட உயர்த்தவில்லை. 2023இல் அவருக்கு ஆஸ்கர் கொடுத்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. (டில்லனாக வந்த மாட் டேமன் நிஜத்தில் ஹார்வர்டில் படித்து, பட்டம் வாங்காமல் நடிக்கப் போனவர். டில்லனின் அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கும்.)

படத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. டேவிட்டைப் பார்வையாளர்கள் விரும்புவதற்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். அழகன், ஆட்டக்காரன், குற்றமற்றவன். பந்தெறியத் தெரியாத, கண்ணாடி போட்ட, கொஞ்சம் எரிச்சலூட்டும் யூதப் பையன் ஒருவன் அங்கே வந்திருந்தால்? அதோடு, நீ பார்த்திருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. நீ அன்று வேறு பக்கம் திரும்பியிருந்தால் அந்தத் தீர்ப்பு நின்றிருக்கும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

1947இல் எலியா கஸான் இயக்கிய ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’ உங்கள் கதைக்கு முன்னோடி, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. யூத வெறுப்பைப் பற்றி எழுதுவதற்காக ஒரு பத்திரிகையாளன் தன்னை யூதன் என்று சொல்லிக்கொள்கிறான். எனக்குப் பிடித்தது அவன் காதலி கேத்தி வரும் ஒரு காட்சி. விருந்தில் ஒருவன் யூதர்களைக் கேவலமாகப் பேசினான், எனக்குக் குமட்டியது என்று ஒரு யூத நண்பனிடம் சொல்கிறாள். அப்போது நீ என்ன செய்தாய் என்று அவன் கேட்கிறான். அவள் வேறு எது சொன்னாலும் அதே கேள்வியைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறான். உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காட்சி வருகிறது.

தலைமை ஆசிரியர் டில்லனை வெளியேற்றுகிறார். நீங்கள் இருவரும் பார்த்தவுடன் சொல்லியிருக்க வேண்டும் என்று கண்டித்து மன்னிக்கிறார், இதையெல்லாம் மறந்துவிடுவோம் என்கிறார். டேவிட் மறக்க மறுக்கிறான். நீங்கள் என்னை ஆட்டத்துக்குப் பயன்படுத்தினீர்கள், நான் உங்களை ஹார்வர்டுக்குப் போகப் பயன்படுத்துவேன், என்னைப் பார்க்கும்போதெல்லாம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் வரட்டும் என்கிறான். 17, 18 வயதில் இவ்வளவு தெளிவு.

போகிறபோது டில்லன் சொல்வது உனக்குத் தெரியுமா? எனக்கு ஹார்வர்டில் எப்படியும் இடம் கிடைக்கும், பத்து வருடத்தில் இது யாருக்கும் ஞாபகம் இருக்காது, நீ அப்போதும் யூதனாகத்தான் இருப்பாய் என்கிறான். முதல் இரண்டிலும் அவன் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். அவன் அப்பாவுக்கு ஆட்களைத் தெரியும்.

படம் அங்கே முடிந்துவிடுகிறது. உனக்கு முடியவில்லை. வருடம் முடியும்வரை நீதான் மாணவர் தலைவன். டேவிட்டுக்கு எதிராக வாக்களித்தவர்களோடு அதே மேசையில் சாப்பிட வேண்டும், அவனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். கேட்க வேண்டியது ஒன்றுதான், தம்பி: அந்தத் துணியைத் தொங்கவிட்டது யார் என்று விசாரித்தாயா?

அன்புடன்,
உன்னைத் திரையில் மட்டுமே பார்த்த ஓர் அண்ணன்