மாதிரி அக்ரிமென்ட்ல இருந்து அந்த ஒரு வரிய எடுத்துடுங்க சார்

எங்க பகுதி வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் சாருக்கும் கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நீங்க எல்லாருக்கும் அனுப்பின மாதிரி வாடகை அக்ரிமென்ட பார்த்தேன். மத்தத அப்புறம் பேசலாம், "அடுத்த வாடகைதாரர் அட்வான்ஸ் கொடுத்த பிறகே பழையவருக்கு அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இந்த மடல். இத்தன வருஷமா வாய்ப்பேச்சா இருந்தத இப்ப ஸ்டாம்ப் பேப்பர்ல ஏத்தறீங்க. தயவுசெஞ்சு அந்த வரிய எடுத்துடுங்க.

என் கதை கமிட்டில பாதிப் பேருக்குத் தெரியும். சித்திரைல வீட்ட காலி பண்ணோம், கரண்ட் பில் கட்டி சாவிய கையில கொடுத்தோம், ஓனர் சுத்திப் பார்த்துட்டு ஒரு குறையும் சொல்லல. அட்வான்ஸ் ஒரு லட்சம் மட்டும் இன்னும் வரல. "ஆள் வரட்டும் தம்பி, வந்ததும் கொடுத்துடறேன்"ங்கறார். நாங்க 14,000 கொடுத்துட்டு இருந்த வீட்டுக்கு இப்ப 20,000 கேக்கறார், பார்க்க வர்றவங்க வாடகைய கேட்டதும் படி இறங்கிடறாங்க. அவருக்கு அவசரம் இல்ல, வீடு பூட்டிக் கிடந்தாலும் என் பணம் அவர்கிட்டதான இருக்கு. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட என் மனைவியோட தாலிச் செயின அடகு வச்சேன், மாசாமாசம் வட்டி கட்டறேன். அவ தங்கச்சி கல்யாணத்துக்கு மஞ்சக் கயிறு மட்டும் போட்டுக்கிட்டு வந்தா. செயின் எங்கன்னு அவங்க சித்தி கேட்டதுக்கு அறுந்துடுச்சு, ஆசாரிகிட்ட கொடுத்திருக்குன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன், சார். என் சொந்தப் பணம் ஒருத்தர்கிட்ட சும்மா கிடக்குது, இவ பொய் சொல்லிட்டு நிக்கறா.

எனக்கு வேலை ஓஎம்ஆர்ல, பிரான்ஸ் கம்பெனிங்களோட ஒப்பந்தங்கள படிச்சு சரிபாக்கற வேலை. அங்க 1804ல நெப்போலியன் காலத்துல தொகுத்த சிவில் கோடுங்கற சட்டத் தொகுப்புதான் அடிப்படை, ஒப்பந்தம், கடப்பாடு பத்தின பகுதிய 2016ல திருத்தி எழுதினாங்க. தினமும் அத புரட்டறவன்ங்கறதால உங்க அந்த வரிய படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. கடப்பாடுன்னா ரெண்டு பக்கம், கேக்க உரிமை உள்ளவர் ஒருத்தர், தர வேண்டியவர் ஒருத்தர். சாவி கைமாறினதும் ஓனர்தான் தர வேண்டியவர், ஆனா நம்ம ஊர்ல தர வேண்டியவர் உக்காந்திருக்கார், கேக்கறவன் வாசல்ல கைகட்டி நிக்கறான்.

அந்தச் சட்டத் தொகுப்புல 1304-2னு ஒரு பிரிவு இருக்கு. தர வேண்டியவரோட இஷ்டத்த மட்டுமே நம்பி ஒரு நிபந்தனை போட்டா அந்தக் கடப்பாடு செல்லாது. எனக்குத் தோணும்போது தரேன்னு சொல்றது வாக்குறுதியே இல்லயே. அடுத்த ஆள் வர்றது ஓனர் கையில மட்டுமா இருக்குன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி. அதுக்கு அடுத்த பிரிவுலயே பதில் இருக்கு, ஒரு நிபந்தனை நிறைவேறாம இருக்கறதுல ஆதாயம் உள்ளவரே அத தடுத்தா, அது நிறைவேறிட்டதாவே எடுத்துக்கணும். யாரும் கொடுக்க முடியாத வாடகைய சொல்லிட்டு ஆள் வரலங்கறது இதுல சேராதா? ஒப்பந்தத்த போடும்போதும் நிறைவேத்தும்போதும் நல்லெண்ணத்தோட நடந்துக்கணும்னு 1104ம் பிரிவு சொல்லுது, அதுலேர்ந்து விலகற மாதிரி எழுதிக்கிட்டாலும் செல்லாது.

வாடகைக்கு அங்க தனிச் சட்டமே இருக்கு, 1989ல போட்டது. ஃபர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு ஒரு மாச வாடகைதான் டெபாசிட். வீட்டுல சேதம் இல்லன்னா ஒரு மாசத்துல, இருந்தா ரெண்டு மாசத்துல திருப்பித் தரணும், தாமதமாகற ஒவ்வொரு மாசத்துக்கும் வாடகைல 10 சதவீதம் ஓனர் சேர்த்துத் தரணும்.

இது பிரான்ஸ் இல்லயேன்னு சொல்வீங்க. சரி, நம்ம தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017ல வந்து 2019 பிப்ரவரில அமலுக்கும் வந்தாச்சு, அதுலயும் காலி பண்ண ஒரு மாசத்துல, பிடிக்க வேண்டியத பிடிச்சுட்டு மீதிய கொடுத்துடணும்னுதான் இருக்கு. அடுத்த ஆள் வர்ற வரைக்கும்னு இல்ல. அந்த வரிய எதுக்கு சார் எழுதினீங்க?

இன்னும் எவ்வளவோ இருக்கு. பெயிண்ட் அடிக்கன்னு ஒரு மாச வாடகைய பிடிக்கறீங்க, வருஷக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் சுவர் மங்கினதுக்கு குடியிருந்தவன் என்ன பண்ணுவான், பிரான்ஸ்ல பழசாகி தேஞ்சுபோறது ஓனர் பாடு. வாடகைக்கு ரசீது கேட்டா முறைக்கறாங்க, தனியா இருக்கற பொண்ணுங்கன்னா வீடு இல்ல, சமையல்ல என்ன வாசன வருதுன்னு மோப்பம் பிடிக்கறாங்க. கோவத்துல எங்கயோ போறேன், மன்னிச்சுக்கோங்க.

வாடகைய மட்டுமே நம்பி இருக்கற பெரியவங்க நம்ம தெருவுலயே இருக்காங்க, வாங்கின அட்வான்ஸ ஆஸ்பத்திரிக்கோ பொண்ணு கல்யாணத்துக்கோ செலவு பண்ணிட்டாங்க, அவங்க கஷ்டம் எனக்கு நல்லாவே புரியுது. அதுக்கு வழி அட்வான்ஸ குறைச்சு வாங்கறது, வாங்கினத பேங்க்ல போட்டு வைக்கறது. கையில காசு இல்லங்கறதால கடன் இல்லன்னு ஆகிடாது. பணம் தர வேண்டியவர் எதிர்பாராத கஷ்டத்த காரணம் காட்டி தப்பிக்க முடியாதுன்னு பிரான்ஸ் உச்ச நீதிமன்றமே 2014ல சொல்லியிருக்கு.

அடுத்த கமிட்டி மீட்டிங்ல இத எடுத்துப் பேசணும்னு பணிவா கேட்டுக்கறேன். அந்த வரிய எடுத்துட்டு, "சாவி ஒப்படைத்த 30 நாட்களுக்குள் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும், பிடித்தம் இருந்தால் எழுத்துப்பூர்வக் கணக்கும் பில்லும் தரப்படும்"னு போடுங்க. என் ஒரு லட்சத்துக்கு நீங்க பஞ்சாயத்து பண்ண வேண்டாம், அத நான் பார்த்துக்கறேன். இனி குடிவர்றவங்ககிட்ட அந்த வரில கையெழுத்து வாங்காதீங்க.

இப்படிக்கு,
உங்க பகுதில இன்னமும் வாடகைக்கு இருக்கற ஒருத்தன்