தேதியைத் திருத்து, மார்தீன் தந்தியைச் சேர்

அன்புள்ள கணேசா,

கடிதமும் கட்டுரைப் பிரதியும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதற்காக உடனே மாடிப்படி ஏற ஆரம்பித்துவிடாதே.

இனி கட்டுரை. முதல் உலகப் போரின்போது உதுமானிய அரசு ஆர்மீனியர்களை நாடுகடத்திக் கொன்ற ஆர்மீனிய இனப்படுகொலையை ஏற்க மறுக்கும் துருக்கி "ஆவணக் காப்பகத்தைப் பூட்டி வைத்திருக்கிறது" என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டாய். அந்த வரியை எடுத்துவிடு. அதைப் பிடித்துக்கொண்டே மீதிக் கட்டுரையை அடித்துவிடுவார்கள். இஸ்தான்புல் உதுமானியக் காப்பகம் ஆய்வாளர்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. 2013ல் காகிதானேயில் புதுக் கட்டடத்துக்கு மாறியது, 2018 முதல் ஜனாதிபதியின் கீழ் இயங்குகிறது. பட்டியலை இணையத்திலேயே தேடலாம். தகராறு வேறு இடத்தில் இருக்கிறது.

அங்காராவில் இருக்கும் ராணுவக் காப்பகம் அப்படிப்பட்டதல்ல. தெஷ்கிலாத்-இ மஹ்ஸுஸா என்ற ரகசியப் படையின் தாள்களை அங்கேதான் தேட வேண்டும். அனுமதி எளிதில் கிடைக்காது, அவர்களே பொறுக்கி அச்சிட்ட தொகுதிகள்தான் வெளியே தாராளமாக உலவுகின்றன. இன்னொன்று நிலப்பதிவு. பழைய பத்திரப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிப் பொதுப் பார்வைக்கு விடும் யோசனை வந்தபோது, 2005ல் தேசியப் பாதுகாப்புக் குழு தடுத்தது: இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கும் சொத்துரிமைக் கோரிக்கைக்கும் பயன்பட்டுவிடும் என்று. நீ இதைச் சொல்லவே இல்லை. 1915 செப்டம்பர் 26ல் வந்த 'கைவிடப்பட்ட சொத்து'ச் சட்டத்தோடு சேர்த்து எழுது. ஆளை அனுப்பியாயிற்று, வீடும் தோட்டமும் யார் கைக்குப் போயின என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பதிவேடுகளில் இருக்கிறது. எனக்கென்னவோ தந்திகளைவிட இதற்குத்தான் துருக்கியில் பயம் அதிகம் என்று படுகிறது.

மறுபக்கத்தையும் எழுது. பாஸ்டனில் இருக்கும் தஷ்னாக் என்ற ஆர்மீனியக் கட்சியின் காப்பகம், ஜெருசலேம் ஆர்மீனிய மடத்தின் காப்பகம், இரண்டிலும் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. துருக்கி இதை ஓயாமல் சொல்லிக் காட்டுகிறது. சொல்வதில் நியாயமும் உண்டு.

அடுத்து தேதிகள். பிரதியில் பாதித் தேதிகள் தப்பு. உதுமானிய அலுவலகம் ரூமி ஆண்டை எழுதியது, அது மார்ச் 1ல் பிறக்கும். நம் கணக்கில் சித்திரையில் ஆண்டு பிறந்தாலும் தையும் மாசியும் அடுத்த ஆங்கில ஆண்டில் போய் விழுகின்றன அல்லவா, அதே சங்கடம்தான். ரூமி ஆண்டோடு 584ஐக் கூட்டு, நாளோடு 13ஐக் கூட்டு. 11 நிஸான் 1331 என்றால் 1915 ஏப்ரல் 24, இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிவாளிகளைக் கைதுசெய்த நாள். ஆனால் ஒரு தாளில் 10 கானூன்-இ ஸானி 1331 என்றிருந்தால் அது 1915 ஜனவரி அல்ல, 1916 ஜனவரி 23. இங்கே ஒரு வருடம் தவறினால் நாடுகடத்தலுக்குப் பிந்தைய தாள், நாடுகடத்தலுக்கு முன்பே போட்ட திட்டமாகத் தெரியும். மறுப்பவர்களுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

இதில் இன்னும் இரண்டு குழி உண்டு. 1917 மார்ச் 1 முதல் அந்த 13 நாள் வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் போருக்குப் பின் இஸ்தான்புல்லில் குற்றவாளிகளை விசாரித்த 1919 நீதிமன்றத் தாள்களுக்கு நாளைக் கூட்டக் கூடாது. போர்க்காலத்தில் ஆட்சியை நடத்திய தலாத், என்வர், ஜெமால் மூவருக்கும் அவர்கள் இல்லாமலே மரண தண்டனை விதித்த தீர்ப்பை நீ ஜூலை 18 என்று போட்டிருக்கிறாய். அது ஜூலை 5தான். இரண்டாவது குழி, காப்பகப் பட்டியல் ஹிஜ்ரி ஆண்டையும் காட்டும். ஹிஜ்ரி 1333 என்பது 1915ன் பெரும்பகுதி. ரூமி 1333 என்பது 1917. எண் ஒன்றுதான், ஆண்டு வேறு.

பட்டியலில் 'எர்மெனி' (ஆர்மீனியர்) என்று மட்டும் போட்டுத் தேடினால் பாதிகூடச் சிக்காது. 'ஸெவ்க்' (அனுப்புதல்), 'இஸ்கான்' (குடியேற்றம்), 'எம்வால்-இ மெத்ரூகே' (கைவிடப்பட்ட சொத்து) என்றும் தேடச் சொல். ஊர்ப் பெயரும் அன்றைய பெயராக இருக்க வேண்டும். எலாஸிக் என்று போடாதே, மாமுரத்துல் அஸீஸ் என்று போட வேண்டும். சிரியாவின் டெய்ர் எஸ்-ஸோர் அங்கே வெறும் 'ஸோர்'.

இப்போது தலாத்தின் கொலை உத்தரவுகள் என்று சொல்லப்படும் அந்தோனியன் தந்திகள். கட்டுரையின் முழுப் பாரத்தையும் அவற்றின் மேல் ஏற்றிவிட்டாய். நயீம் எஃபெந்தி என்ற அலெப்போ அதிகாரியிடம் வாங்கியதாகச் சொல்லி ஆர்மீனிய எழுத்தாளர் ஆராம் அந்தோனியன் 1920ல் வெளியிட்டவை அவை. 1983ல் ஓரெல், யூஜா என்ற துருக்கிய ஆசிரியர்கள் இருவரும் அவற்றைப் போலி என்றார்கள்: அப்படி ஓர் அதிகாரியே இருந்ததில்லை, கோடு போட்ட தாளை அலுவலகத்தில் பயன்படுத்தியதில்லை, சங்கேத எண்கள் அந்தக் காலத்து முறைப்படி நான்கு, ஐந்து இலக்கத்தில் இல்லாமல் இரண்டு, மூன்று இலக்கத்தில் இருக்கின்றன. துருக்கிய வரலாற்றாசிரியர் தானெர் அக்சாம் 2016ல் இஸ்தான்புல் காப்பகத்துத் தாள்களையே எடுத்துப் பதில் சொன்னார். நயீம் எஃபெந்தியின் பெயர் அங்கே இருக்கிறது, கோடு போட்ட தாளும் இருக்கிறது, இரண்டு இலக்க, மூன்று இலக்கச் சங்கேதங்களும் அதே காலத்தில் புழங்கியிருக்கின்றன. என்னைக் கேட்டால் அக்சாம் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆனாலும் வாசகனை இந்தச் சண்டைக்குள் இழுக்காமலே உன் வாதத்தை நிறுத்த முடியும்.

அதற்கு ஒரே ஒரு தாள் போதும். உள்துறையின் சங்கேதப் பிரிவு, DH.ŞFR என்று இருக்குமே, அதில் கோப்பு 54, எண் 406. 1915 ஜூலை 12 அன்று உள்துறை அமைச்சர் தலாத் தியார்பக்கிர் மாகாணத்துக்கு அனுப்பியது. போலி என்று எவரும் சொல்லவில்லை, அரசுக் காப்பகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மார்தீனில் ஆர்மீனியரும் பிற கிறிஸ்தவர்களுமாகச் சுமார் 700 பேரை இரவில் ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஆடு அறுப்பதுபோல அறுத்ததாகத் தகவல், இதுவரை 2,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது தந்தி. பிறகு உத்தரவு: ஆர்மீனியர்கள் மேல் எடுத்த நடவடிக்கையை மற்றக் கிறிஸ்தவர்கள் மேல் நீட்டாதே, நிறுத்து. மறுப்பவர்கள் இதைக் காட்டி, பார், தலாத் கொலையைத் தடுத்தார் என்பார்கள். அவர் யாருக்காகத் தடுத்தார் என்று வரியைப் படி. அறுக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது, விலக்குப் பட்டியலில் ஆர்மீனியர் மட்டும் இல்லை. தந்தியைப் பெற்ற தியார்பக்கிர் ஆளுநர் ரெஷீதும் பதவியில் நீடித்தார். இதை அப்படியே எடுத்து நடுவில் வை.

ஒழித்துக்கட்டச் சொன்ன நேரடி உத்தரவு எங்கே என்று கேட்பார்கள். ஆண்டுகொண்டிருந்த ஒன்றிய முன்னேற்றக் கட்சியின் மையக் குழுத் தாள்களும் ரகசியப் படையின் தாள்களும் காணாமல் போயிருந்ததை 1919 குற்றப்பத்திரிகையே பதிவு செய்கிறது. அந்த வழக்குகளின் மூலக் கோப்புகளும் பிறகு தொலைந்தன. மிச்சம் இருப்பது தக்வீம்-இ வெகாயி என்ற அரசிதழில் அச்சான பகுதிகள். குற்றப்பத்திரிகை 3540ஆம் இதழில். ஆனால் ஆர்மீனியப் பேராயர் மன்றம் எடுத்த பிரதிகள் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தன, கெர்கெரியன் என்ற பாதிரியார் அங்கே அவற்றைப் படம் பிடித்து வைத்தார். அந்தப் படங்களில்தான் ரகசியப் படைத் தலைவர்களில் ஒருவரான பஹாயத்தீன் ஷாக்கிர் 1915 ஜூலை 4ல் எர்ஸுரூமிலிருந்து அடித்த தந்தி கிடைத்தது. அனுப்பப்படும் ஆர்மீனியர்கள் ஒழிக்கப்படுகிறார்களா, வெறுமனே நாடுகடத்தப்படுகிறார்களா, தெளிவாகச் சொல் என்று கேட்கிறார். தலைப்பு அச்சிட்ட அரசுத் தாள், அதில் எண் வரிசைகள். இஸ்தான்புல்லில் இருக்கும் மற்றத் தந்திகளின் சங்கேதத்தோடு பொருந்துகிறது என்று அக்சாம் 2017ல் அறிவித்தார்.

ஜெர்மன் பாதிரியார் லெப்ஸியுஸ் 1919ல் வெளியிட்ட ஜெர்மன் தூதரகத் தாள்களின் தொகுப்பிலிருந்து நேரடியாக மேற்கோள் எடுக்காதே. ஜெர்மனியின் பங்கு தெரியாதபடி வாசகங்கள் வெட்டப்பட்ட தொகுப்பு அது. வுல்ஃப்காங் குஸ்ட் பெர்லின் மூலங்களோடு ஒப்பிட்டு வெளியிட்டதைப் பார். ஜெர்மன் தூதர் மெட்டர்னிக் 1915 டிசம்பரில் அனுப்பிய அறிக்கையின் மேல், ஆர்மீனியர் அழிந்தாலும் அழியாவிட்டாலும் போர் முடியும்வரை துருக்கியை நம் பக்கம் வைத்திருப்பதே நோக்கம் என்ற பொருளில் சான்சலர் பெத்மான் ஹோல்வெக் எழுதிய குறிப்பு அங்கே இருக்கிறது.

எண்ணிக்கைக்கு தலாத்தின் சொந்தக் குறிப்பேடே போதும். துருக்கியப் பத்திரிகையாளர் முராத் பர்தாக்சி 2008ல் அச்சிட்டார். 1914ல் 12,56,403 ஆர்மீனியர், 1917ல் 2,84,157. இரண்டுமே குறைத்துப் பதிவானவை என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. வித்தியாசம் முழுவதும் இறந்தவர்கள் என்று எழுதிவிடாதே. எல்லை தாண்டித் தப்பியவர்களும் அதில் அடக்கம்.

இனப்படுகொலை என்று அங்கீகரித்தவர்களைப் பற்றிய பகுதியைப் பாதியாக வெட்டு. உருகுவே 1965, பிரான்ஸ் 2001, ஜெர்மன் நாடாளுமன்றம் 2016, அமெரிக்கக் காங்கிரஸ் 2019, பைடன் 2021 போதும். பிரான்ஸில் அது சட்டம், ஜெர்மனியில் தீர்மானம்; இரண்டையும் ஒன்றாக எழுதாதே. இனப்படுகொலையை மறுத்துப் பேசியதற்காக ஸ்விட்சர்லாந்தில் தண்டிக்கப்பட்ட துருக்கிய அரசியல்வாதி பெரின்செக்கின் வழக்கில் 2015ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 'இனப்படுகொலை இல்லை' என்று தீர்ப்பளித்ததாக எழுதியிருக்கிறாய். இல்லவே இல்லை. அந்தக் கேள்வியை அது முடிவு செய்யவில்லை, அவரை ஸ்விட்சர்லாந்து தண்டித்தது பேச்சுரிமை மீறல் என்றது, அவ்வளவுதான்.

எர்தோவான் 2005ல் முன்வைத்த கூட்டு வரலாற்றுக் குழுவைப் பற்றி நீ நல்லபடியாகவே எழுதியிருக்கிறாய். அதோடு துருக்கியும் ஆர்மீனியாவும் கையெழுத்திட்ட 2009 சூரிக் உடன்படிக்கையிலும் அப்படியொரு துணைக்குழு இருந்தது, இரண்டு நாடாளுமன்றமும் அதை ஏற்கவில்லை, 2018ல் ஆர்மீனியா விலகியது என்று ஒரு வரி சேர்த்துவிடு.

திருத்திய பிரதியை அனுப்பும்போது வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு அச்செடு. போன தடவை விளிம்பில் எழுத இடமே இல்லை.

அன்புடன்,
ராமு