ஆண்டிறுதி ஆராதனை: சாட்சி சொல்வோர் கவனத்திற்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல, அதாவது தேவன் தங்களை நடத்திய விதத்தைச் சபைமுன் சொல்ல, விரும்புகிறவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள்.

வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், பிள்ளைக்கு காலேஜில் சீட் கிடைத்தது, இவைதான் சாட்சி என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறீர்கள். ஆபகூக் 3:17, 18 வாசித்துப் பாருங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை. அப்படியும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார் ஆபகூக் தீர்க்கதரிசி.

லூக்கா 2-ல் வரும் அன்னாளை நாம் கிறிஸ்மஸ் நாடகத்தில்கூட சேர்ப்பதில்லை! கல்யாணமாகி ஏழு வருஷத்தில் கணவனை இழந்தவர். முதிர்வயதிலும் தேவாலயத்தைவிட்டு நீங்காமல் உபவாசித்து ஜெபித்தவர். குழந்தை இயேசுவைக் கண்டதும் முதலில் கர்த்தரைப் புகழ்ந்தார்; பிறகுதான், மீட்புக்குக் காத்திருந்த மற்றவர்களிடம் பேசினார்.

ஆகவே இந்த வருஷம் வீட்டில் துக்கம் கண்டவர்களும், ஜெபத்துக்கு இன்னும் பதில் வராதவர்களும் பேசினால் சபைக்கு நல்லது. கட்டாயம் இல்லை. முன்னால் வந்து நிற்கத் தயக்கமா? துண்டுச்சீட்டில் எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை உறைக்குள் வையுங்கள், பெயர் வாசிக்கமாட்டோம்.

ஆளுக்கு மூன்று நிமிடம்தான். அதற்குமேல் போனால் பாடகர் குழு பாட ஆரம்பித்துவிடும்.