அந்த உரச் சாக்கைக் கீழே வையுங்கள்

கொடைக்கானல் கீழ்மலை ஊராட்சித் தலைவர்களுக்கும், தோட்டக்காரர்களுக்கும், ஜேசிபி ஓட்டும் தம்பிகளுக்கும்,

வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் குடியிருப்பவன் நான். மழையில் மண் சரிந்தாலோ, வீடு கட்ட வானம் தோண்டினாலோ சில நேரம் எலும்பு தென்படுகிறது. உடனே யாராவது ஓர் உரச் சாக்கோடு வந்துவிடுகிறார். இந்த மடல் அந்தச் சாக்கைப் பற்றியது.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் இதுதான் நடந்தது. நான் போவதற்குள் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிவிட்டார்கள். அவிழ்த்துப் பார்த்தால் பாதி கடமான். மீதி மனிதன். (கரடியின் பாதம் தோலுரிந்து கிடந்தால் மனிதக் கை மாதிரியே இருக்கும், அதில் ஏமாந்தவர்கள் நிறைய.) தொடை எலும்பில் ஆழமாக ஒரு வெட்டு. “வெட்டிக் கொன்னுட்டாங்க சார்” என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

எலும்பு முழுக்கக் காப்பித்தூள் நிறம். வெட்டின் உட்பக்கம் மட்டும் தேங்காய்ச் சில் மாதிரி வெளுப்பு. பழைய வெட்டாக இருந்தால் அதிலும் மண்ணின் நிறம் ஏறியிருக்கும். அது அன்று காலையில் மண்வெட்டி பட்ட காயம்! சாகிற நேரத்தில் பட்ட அடியில் எலும்பு பச்சைக் கிளைபோல வளைந்து பிளக்கும். காய்ந்தபின் பட்டால் சுள்ளிபோல முறியும். அடிபட்டவர் சில வாரமாவது உயிரோடு இருந்திருந்தால் முறிவின் விளிம்பு மழுங்கிப் புது எலும்பு கட்டத் தொடங்கியிருக்கும். எலும்பைப் பார்த்து ஆளையும் சாவையும் கண்டறியும் தடயவியல் மானிடவியலில் பாதி வேலை இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான்.

ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும். அதன் பின்பக்க வளைவு பெண்ணுக்கு அகலம், ஆணுக்குக் குறுகல். வயதுக்குக் கழுத்தடியில் தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பைப் பார்க்கலாம். நெஞ்சுப் பக்கம் இருக்கும் அதன் நுனி, மற்ற எலும்புகளின் நுனியெல்லாம் அததன் தண்டோடு ஒட்டிய பிறகும் ஒட்டாமல் நிற்கும், முப்பதை நெருங்கும்போதுதான் முழுசாகச் சேரும். எங்கள் சாக்கில் ஒரு காறை எலும்பு இருந்தது. நுனி பாதிதான் ஒட்டியிருந்தது. இருபதுகளில் இருந்த யாரோ.

அப்புறம்? அதோடு சரி. கழுத்தில் நாக்குக்கு அடியில் லாட வடிவில் ஒரு சின்ன எலும்பு உண்டு. கழுத்தை நெரித்த தடயம் சில சமயம் அதில்தான் இருக்கும். அது சாக்கில் இல்லை. முன்பற்களும் இல்லை. மல்லாந்து கிடந்தாரா, குப்புறக் கிடந்தாரா, யாராவது புதைத்தார்களா, பன்றி இழுத்துப் போட்டதா என்று கேட்டால் அள்ளியவர்களுக்கே நினைவில்லை. விட்டுப்போன பல் இரண்டு மறுநாள் காப்பிக்கொட்டை சலிக்கும் சல்லடையில் கிடைத்தன. அந்தச் சல்லடை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் முதல் நாள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பழைய எலும்புக்கும் இதே நியாயம். நம் மலையின் கற்திட்டைகளை, அதாவது பழங்காலத்தார் இறந்தவர்களுக்காகக் கல் பலகைகளால் எழுப்பியவற்றை, குள்ளர்கள் வாழ்ந்த இடம் என்று கதை கட்டிக் குள்ளர் வீடு என்கிறோம். ஒரு முழுத் தொடை எலும்பு இருந்தால் அளந்து அந்த ஆளின் உயரத்தை ஓரளவு சொல்லிவிடலாம், குள்ளர் கதை அன்றைக்கே தீர்ந்துவிடும். ஆனால் இந்த ஈர மண் எலும்பைக் கரைத்துவிடுகிறது. மிஞ்சியதைப் புதையல் தேடுகிறவர்கள் கலைத்துவிடுகிறார்கள்.

எனவே எலும்பு தென்பட்டால் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து. மழை வந்தால் தார்ப்பாய் போடுங்கள், நாயை விரட்டுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் போலீஸுக்கும் சொல்லுங்கள். வேலை நாலு நாள் தள்ளிப்போகும், ஜேசிபி வாடகை ஏறும், தெரியும். ஊராட்சித் தலைவர்கள் அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகப் போட்டால், நிறுத்தியவரை யாரும் திட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
தாண்டிக்குடிப் பக்கத்து வாத்தியார்